ஆறு மணி மாஸ்டர்

"கை மேல! இன்னும் மேல! அக்கா, அது கையா, காயப்போட்ட துணியா?"

அக்கா என்பது நான்தான். காலை ஆறு மணி மூன்று நிமிடம். பல் தேய்த்த வாய் இன்னும் காயவில்லை. பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசித் திரையில் பதினோரு கட்டங்கள். ஒன்றில் மாஸ்டர், மீதிப் பத்தில் எங்களைப் போன்ற அப்பாவிகள். மாஸ்டருடைய கைபேசியும் அவர் வீட்டில் எதன் மேலோ சாய்ந்துதான் நிற்கிறது. அவர் குதிக்கக் குதிக்க அது மெல்லச் சரியும். சரிந்துவிட்டால் அந்த வீட்டு மின்விசிறி மட்டும்தான் தெரியும். விசிறியைப் பார்த்தபடியே நாங்கள் குனிந்து நிமிர்வோம். "எனக்குத் தெரியலைன்னு ஏமாத்தாதீங்க. யாரு மூச்சு வாங்குறீங்க, யாரு சும்மா நிக்கிறீங்கன்னு இங்க கேக்குது" என்று குரல் மட்டும் வரும்.

மாஸ்டர் பெண். வயது நாற்பத்தாறு. உயரம் என் தோள் வரைக்கும்கூட வராது. முன்னங்கை மட்டும் உருட்டுக்கட்டை. ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 'டீச்சர்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "டீச்சர்னா உக்காந்து பாடம் எடுக்கறவங்க. நான் காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கறவ. மாஸ்டர்னு சொல்லுங்க" என்பார். முதுகுவலி என்று அவரிடம் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். உட்கார்ந்து எழுதுவது என் பிழைப்பு. பத்து வருஷத்தில் நாற்காலிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது.

அவருக்கு ஆட்களின் பெயர் நிற்காது. முட்டிதான் நிற்கும். "யாரு, இடது முட்டி மடங்காதவங்களா?" "அந்த வலது தோள் தூக்குனவங்க ஏன் வரல?" என்றுதான் விசாரிப்பார். நோய் வந்து ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டபோது எதிரே வருவது யாரென்று தெரியாமல் நாங்கள் எல்லாரும் திருதிருவென்று விழித்தோம். மாஸ்டருக்கு அந்தத் தொல்லையே இல்லை. சாலையின் அந்தக் கோடியிலிருந்து, "என்ன அக்கா, மறுபடியும் குதிகால இழுத்து நடக்கறீங்க?" என்று கத்துவார். "மூஞ்சி எதுக்கு? நடையப் பாத்தா ஆளு தெரியாதா?" என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுப்பார். அதில் அவருக்குப் பெருமை. எங்களுக்கும்தான்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. 'கடைசி ஒண்ணு' என்பார். நம்பி உயிரைக் கொடுத்து அந்தக் கடைசி ஒன்றைச் செய்வோம். "இப்ப நிஜமாவே கடைசி ஒண்ணு" என்பார். இப்படி ஐந்தாறு கடைசி வரும். எங்களோடு பயிற்சி செய்யும் வங்கிக்காரம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாஸ்டர், நீங்க எங்க வங்கில வேலை பாத்தா ஒரே வாரத்துல உங்கள உள்ள தள்ளிடுவாங்க. உங்களுக்குக் கணக்கே தெரியல" என்றார். மாஸ்டர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு செய்ய வைத்தார்.

ஊரடங்கு என்று அறிவித்த அன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கடைகளில் முண்டியடித்தது. மாஸ்டர் தன் கூடத்துக்கு ஓடினார். காய்கறி வாங்கும் சக்கர வண்டியில் இரும்புக் குண்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார். என் வாசலில் மூன்று கிலோ குண்டு இரண்டை இறக்கிவைத்துவிட்டு, "வீட்டுக்குள்ள இருங்கன்னுதான் சொல்லிருக்காங்க. படுத்துக்கிட்டு இருங்கன்னு யாரும் சொல்லல. நாளைக்கு ஆறு மணிக்குப் போன்ல வந்துருங்க" என்றார். ஒரு குண்டைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தேன். வேறென்ன செய்வது?

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு மணி இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. கிழமை மறந்துபோன நாட்கள் அவை. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கைபேசிக்கு நாளைக்கு நாற்பது உபதேசம் வரும். அனுப்பியவனைத் தேடிப் போய் அறையலாம் போல இருக்கும். மாஸ்டர் உபதேசம் செய்யவில்லை. எழுப்பினார். வங்கிக்காரம்மாவின் அப்பா வேறு ஊரில் இறந்து, போக முடியாமல், அடக்கத்தைக் கைபேசியிலேயே பார்த்த மறுநாள் காலையிலும் அந்த அம்மா ஆறு மணிக்குத் திரைக்கு வந்து நின்றார். மாஸ்டர், "அழுகை வந்தா அழுங்கம்மா. அழுதுக்கிட்டே செய்யுங்க. கை மட்டும் கீழ வரக்கூடாது" என்றார். பத்துக் கட்டங்களிலும் கையைத் தூக்கிக்கொண்டு அழுதோம். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூங்கினேன் என்று வங்கிக்காரம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

இந்த வைத்தியத்தை மாஸ்டர் எங்கும் படித்துக் கற்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழு மாதக் குழந்தையை வயிற்றிலேயே இழந்தவர் அவர். ஆறு மாதம் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் இருந்த நர்ஸ் ஒருத்தி ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில் விட்டு, "ஓடு" என்றாளாம். "ஓடினேன் அக்கா. வாந்தி எடுத்தேன். மறுபடியும் ஓடினேன். அன்னைக்குப் பசிச்சது. பசிச்சதும் தெரிஞ்சு போச்சு, பொழச்சுக்கிட்டேன்னு." உடம்பு வியர்த்தால் மனசு பின்னாலேயே வந்துவிடும் என்று அன்றைக்குப் பிடித்த பிடி. அதை வைத்து எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பிடியை அவரால் விட முடியவில்லை.

மாஸ்டரின் வீட்டுக்காரர் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்து, உள்ளே டார்ச் அடித்து இடம் காட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் அதே கொட்டகை. நல்ல வாயாடி. டிக்கெட் கிழிக்கிற நேரத்துக்குள் உங்கள் பிள்ளை எந்த வகுப்பு, உங்கள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டு முடித்துவிடுவார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவருடையது, அதட்டல் முழுக்க மாஸ்டருடையது. எல்லாவற்றுக்கும் முன்னால் மூடியது சினிமாக் கொட்டகை. கடைசியில் திறக்கப்போவதும் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் மாதம் மனிதர் வேடிக்கையாகத்தான் இருந்தார். வகுப்பு நடக்கும்போது பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "சீட் எல்லாம் ஃபுல், அடுத்த ஷோவுக்கு வாங்க" என்று எங்களைச் சிரிக்க வைப்பார். இரண்டாவது மாதம் எட்டிப் பார்ப்பது நின்றது. மூன்றாவது மாதம் படுக்கையை விட்டு எழுவதே நின்றது. குளிப்பதில்லை, பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே ஆறிக் கிடக்கும்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "ஊரையே எழுப்புறேன், வீட்டுல ஒரு மனுசன எழுப்ப முடியலன்னா எனக்கு எதுக்கு இந்தப் பேரு?" என்று என்னிடம் கொதித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. "விடாதீங்க மாஸ்டர், ஆம்பளைங்களுக்குச் சோம்பல் தலைக்கேறிட்டா இறங்காது" என்று ஒத்து ஊதினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒருநாள் காலை ஐந்தரைக்கு மாஸ்டர் போர்வையைப் பிடுங்கினார். மெத்தையைச் சுருட்டினார். கை, கால் இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டையால் அதை இறுக்கிக் கட்டி அலமாரியின் தலைமேல் ஏற்றினார். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இனிமேல் அது இறங்கும் என்று சட்டம் போட்டார். வீட்டுக்காரர் வெறும் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "சரிம்மா" என்றாராம். ஆறு மணிக்கு எங்கள் முன்னால், மாஸ்டருக்குப் பின்னால், சுவரோரமாக வந்து நின்றார். நாங்கள் கைதட்டினோம்.

அன்றிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. சொன்ன சொல் தட்டவில்லை. கை மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. எங்களைப் போல முணுமுணுப்பு இல்லை, ஏமாற்று இல்லை. இரண்டே வாரத்தில் எங்கள் எல்லாரையும்விட அழகாகச் செய்தார். மாஸ்டர் சுவரில் ஒரு தாள் ஒட்டினார். நாடித் துடிப்பு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, உட்கார்ந்து எழுந்தது எத்தனை என்று தினமும் அதில் எழுதினார். முதல் நாள் பன்னிரண்டு. இருபதாவது நாள் எழுபது. "பாத்தீங்களா, எங்க வீட்டுக்காரர? நடுமுதுகு எப்படி நிக்குது பாருங்க. இப்படி நிக்கணும்!" என்று எங்களுக்கு அவரை உதாரணம் காட்டினார். "சார் ரொம்ப மெலிஞ்சுட்டாரே மாஸ்டர், முகம் ஒரு மாதிரியா இருக்கே" என்று வங்கிக்காரம்மா ஒருநாள் சொன்னார். "கொழுப்பு கரையுதும்மா. கரையும்போது மூஞ்சி அப்படித்தான் இருக்கும்" என்று மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் ஒன்றைப் பார்த்தேன். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியதை இல்லாதவள். ஒருநாள் வகுப்பு முடிந்து ஒவ்வொருவராகத் திரையிலிருந்து போய்விட்டார்கள். மாஸ்டர் கைபேசியை அணைக்க மறந்து குளிக்கப் போய்விட்டார். நான் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் மட்டும் நின்றிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். எண்ணுவதற்கு ஆளில்லை, வகுப்பு முடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. யாராவது நிறுத்தச் சொன்னால்தான் நிற்பார் போல இருந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. "சார்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடினேன். துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது திரை அணைந்திருந்தது. மாஸ்டரிடம் சொல்லலாமா என்று ஒருநாள் யோசித்தேன். அவரே மறுநாள், "வகுப்பு முடிஞ்சப்புறமும் தனியா செய்யறார் அக்கா, என்ன ஆர்வம் பாருங்க!" என்று பூரித்துப் போனார். நான் சிரித்து வைத்தேன்.

அப்போது வீட்டுக்கு ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே போய் நடக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் ஓடுவார். அவருக்கு அது சாப்பாடு மாதிரி. தாளில் எழுபத்தைந்து என்று எழுதிய அன்று, அந்த நேரத்தை வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுத்தார். "இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க. கைய நல்லா வீசி நடங்க." அவர் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மாஸ்டர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

"என்ன நடை தெரியுமா அக்கா? முதுகு நேரா, தோள் எறங்கி, கால் அப்படி அளவா விழுது. எத்தனையோ பேருக்கு நடை சொல்லிக் கொடுத்திருக்கேன், அப்படி ஒரு நடைய நான் பாத்ததே இல்ல. சந்தோசமா ஜன்னல மூடினேன்."

அவர் நேராகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். பக்கவாட்டுக் கதவின் சாவி அவரிடம் இருந்தது. உள்ளே என்ன செய்துகொண்டார் என்பதை நான் எழுத மாட்டேன். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சாத்தியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடப்பதைப் பார்த்த காவலாளி, திருடன் என்று நினைத்துத் தடியோடு உள்ளே போனார். அந்தத் தடிக்காரருக்குப் புண்ணியம். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். நோய் பரவும் என்று யாரையும் உள்ளே விடவில்லை. பெண்டாட்டியாவது, பிள்ளையாவது, கிடையாது. மாஸ்டர் தினமும் அந்த ஒரு மணி நேரத்தில் போய் எதிர்ச்சாரியில், மூடிய கடைக்கு முன்னால் நின்று, மூன்றாவது மாடி ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். எந்த ஜன்னல் என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை. மனநல டாக்டர் போனில் பேசியிருக்கிறார். மாஸ்டர் அவரிடம் தாளைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தாராம்: நாடி இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, எழுபத்தைந்து முறை உட்கார்ந்து எழுந்தார், எல்லாம் நல்லாத்தான் இருந்தது, அப்புறம் எப்படி டாக்டர்? டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அம்மா, காலு உடைஞ்சவங்க உங்க கிட்ட வந்தா ஓடச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாராம்.

"மாட்டேன்."

"இதுவும் உடைஞ்சதுதாம்மா. வெளிய தெரியாது, அவ்வளவுதான். நடக்கலாம், நல்லது. ஆனா மருந்து வேணும். அவர் பேசினா கேக்கறதுக்கு ஆள் வேணும். நல்லா ஆகறேன்னு உங்களுக்குக் காட்டறதுக்காகவே அவர் அத்தனையும் செஞ்சிருக்கார்."

மாஸ்டர் இதை என்னிடம் சொன்ன அன்றுதான் நானும் பால் பொங்கிய கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "நீங்க ஒரு நாள் பாத்தீங்க அக்கா. நான் தினம் தினம் பாத்தேன். இடுப்பத்தான் பாத்தேன்" என்றார். பிறகு அவரே, "எழுதுங்க. என்னை மாதிரி இன்னொருத்தி மெத்தையக் கட்டி மேல ஏத்தாம இருந்தா சரி" என்றார்.

வீட்டுக்காரர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி இரண்டு. எப்போது சரியாகும் என்று டாக்டர் தேதி கொடுக்கவில்லை. கத்தி, கயிறு, மருந்துப் பெட்டி எல்லாம் மாஸ்டரின் கண்பார்வையில். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, கழற்றிவிட்டார். வீட்டுக்காரர் குளிக்கும்போது மாஸ்டர் வெளியே நின்று எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறார். பதிலுக்குத் தண்ணீர் விழுகிற சத்தமாவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உயிர் போய் உயிர் வருகிறது என்கிறார். சுவரில் தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

ஒரு மாதம் வகுப்பு நின்றிருந்தது. நாங்கள்தான் கெஞ்சி மறுபடியும் தொடங்க வைத்தோம். மாஸ்டருக்கும் அது வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அவரும் விழுந்துவிடுவார் போல இருந்தது. குரலில் பழைய அதட்டல் இருக்கிறது, பாதியில் எங்கேயோ அறுந்து போகிறது. எட்டு வரை எண்ணுவதற்குள் மூன்று முறை அறைக் கதவைத் திரும்பிப் பார்க்கிறார். நாங்கள் தப்பாகச் செய்தாலும் முன்போல மானத்தை வாங்குவதில்லை. திட்டு வாங்காமல் உடற்பயிற்சி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வியாழக்கிழமை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தோம். மாஸ்டர் ஐந்து என்று எண்ணும்போது அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. வீட்டுக்காரர் வந்தார். கலைந்த தலை, இரண்டு நாள் தாடி. முன்பு நின்ற அதே சுவரோரத்துக்கு வந்து, எங்களைப் பார்த்து, கையைத் தூக்கப் போனார். பாதிதான் வந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் எண்ணுவதை நிறுத்தினார்.

"முடியலம்மா" என்றார் அவர். மெல்லிய குரல். ஆனால் பத்து வீட்டுக்கும் கேட்டது. "உனக்காகத்தான் செஞ்சேன். அப்பவும் முடியல. சொல்லப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

முடியவில்லை என்று யார் சொன்னாலும் 'முடியும்' என்று அந்த நொடியே திருப்பி அடிப்பது மாஸ்டரின் தொழில். எங்களுக்கு எத்தனை முறை அடித்திருக்கிறார்! அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். ஐயோ சொல்லிவிடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "சரிங்க" என்றார். "சொல்லுங்க."

வீட்டுக்காரர் தலையை முட்டிக்குள் புதைத்துக்கொண்டு என்னவோ சொல்லத் தொடங்கினார். எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஒவ்வொரு கட்டமாக அணைந்துகொண்டு வந்தது. நான் பொத்தானை அழுத்தும்போது கடைசியாகப் பார்த்தது இதுதான்: நன்றாக வளைந்து கூனிப்போயிருந்த அந்த முதுகின் மேல் மாஸ்டர் உள்ளங்கையை வைத்தார். நிமிர்த்தவில்லை. வைத்த கையை எடுக்கவும் இல்லை.